கேஏ நம்பர் கார் வட சென்னையில், உரிமையாளர் வெளிநாட்டில்: விற்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கிய கார். வேலை துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ டொராண்டோவுக்கோ மாறியதும், வண்டியைக் கொண்டுவந்து திருவொற்றியூரிலோ பெரம்பூரிலோ அப்பா அம்மா வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போயாயிற்று. ஓட்ட ஆளில்லை. இன்சூரன்ஸ் பணம் மட்டும் வருடா வருடம் போகிறது. விற்கலாம் என்று பார்த்தால், வருகிற ஆளெல்லாம் முதலில் கேட்பது “என்ஓசி இருக்கா?” வண்டி வேறு மாநிலத்துக்கு மாறத் தடையில்லை என்று, பதிவான ஆர்டிஓ தரும் சான்றுதான் என்ஓசி.

இந்த நிலையில் இருப்பவர்களுக்கான பக்கம் இது. கர்நாடக நம்பரை வைத்து எழுதியிருந்தாலும் பிஒய், ஏபி, கேஎல் வண்டிகளுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

நான் ஊருக்கு வராமலே விற்க முடியுமா?

முடியும். அதற்கு மூன்று வேண்டும்: ஓடிபி வந்து சேரும் இந்திய மொபைல் நம்பர், பேனாவால் போட்ட உங்கள் அசல் கையெழுத்து, அசல் ஆர்சி. வாங்கும் ஆள் கிடைப்பது இவற்றைவிடச் சுலபம். வண்டி போய், பணமும் வந்து, பெயர் மட்டும் மாறாமல் கிடக்கும் கேஸ்களில் பல இந்த மூன்றில் ஒன்று இல்லாததால்தான்.

லீவுக்கு வருகிற திட்டம் இருந்தால் பேரம் பேசுவதையும் ஆள் தேடுவதையும் பிறகு போனில் வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் இருக்கும் நாட்களை நேரில் வந்தால் சுலபமாக முடிகிற வேலைகளுக்கு ஒதுக்குங்கள். ஆதாரில் மொபைல் நம்பர் மாற்றுவது, வங்கிக் கடன் முடிந்த கடிதம் வாங்குவது, உங்கள் சார்பில் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பவர் (பவர் ஆஃப் அட்டர்னி) எழுதிக் கொடுப்பது ஆகியவை அந்த வகை.

பெங்களூரில் வைத்திருந்த சிம் இப்போது இல்லை. என்ன செய்வது?

முதலில் இதைச் சரிசெய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு. மத்திய அரசின் வாகனச் சேவைத் தளமான பரிவாஹனில் என்ஓசி, பெயர்மாற்றம், கடன் நீக்கம் எதற்கு விண்ணப்பித்தாலும், வண்டியின் பதிவில் இருக்கும் மொபைல் நம்பருக்குத்தான் ஓடிபி போகும். அந்த நம்பர் செத்துப்போயிருந்தால் அடுத்த பக்கமே திறக்காது.

பதிவில் உள்ள நம்பரை மாற்ற அதே தளத்தில் வசதி உண்டு. வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், பதிவுத் தேதி, பதிவு எதுவரை செல்லும் என்ற தேதி ஆகியவற்றைக் கேட்கும். ஐந்தும் ஆர்சியில் இருக்கின்றன. அதனால்தான் ஆர்சி படத்தை ஓஎல்எக்ஸ் விளம்பரத்தில் அப்படியே போடாதீர்கள் என்கிறோம்.

புதிதாகக் கொடுப்பது யார் நம்பராக இருக்க வேண்டும்? உங்கள் இந்திய சிம்மை உயிரோடு வைத்து, ரோமிங் போட்டு, எஸ்எம்எஸ் வருகிறதா என்று சோதித்திருந்தால் உங்களுடையதே நல்லது. ப்ரீபெய்டு சிம்மை 90 நாள் தொடாமல் விட்டால் கம்பெனி அதை முடக்கிவிடலாம்; குறைந்தது 20 ரூபாய் பேலன்ஸ் இருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். இது சரிப்படாது என்றால் அப்பா அம்மா நம்பர். புரோக்கர் நம்பரையோ வாங்குபவர் நம்பரையோ ஒருபோதும் கொடுக்காதீர்கள். அதைக் கொடுத்த பிறகு உங்கள் பெயரில் என்ன விண்ணப்பம் போகிறது என்பது உங்களுக்கே தெரியாது.

ஆதார் ஓடிபியும் சில கட்டங்களில் கேட்கப்படும். ஆதாரில் உள்ள மொபைல் நம்பரை மாற்ற ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைப்பதுதான் வழக்கமான வழி.

என்ஓசி எடுத்து இங்கே விற்பதா, பெங்களூருக்கு எடுத்துப்போய் விற்பதா, டிஎன் நம்பர் மாற்றிவிட்டு விற்பதா?

வண்டியின் வயதும் வரியும்தான் இதை முடிவுசெய்யும்.

டிஎன் நம்பருக்கு நீங்களே மாற்றினால் தமிழ்நாட்டு ஆயுள் வரியை நீங்கள் கட்ட வேண்டும். 2023 நவம்பரிலிருந்து புதுக் காருக்கு இங்கே வரி இப்படி: 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. வெளிமாநிலப் பழைய வண்டிக்கு வயது கூடக் கூட சதவீதம் குறையும். ஆனால் அந்த சதவீதம் கணக்காவது வண்டி புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதன் மேல். நீங்கள் இன்று விற்கும் விலையின் மேல் அல்ல. 9 லட்சத்துக்கு வாங்கிய கார் இன்று 3 லட்சம்தான் போகும் என்றாலும் கணக்கு 9 லட்சத்தில்தான் தொடங்கும். கேஏ வண்டிக்கு இங்கே ஆட்கள் விலையை அடித்துப் பேசுவதற்கு முழுக் காரணமும் இதுதான். விற்கப்போகிற வண்டிக்கு இந்த வரியைக் கட்டிவிட்டு அதை விலையில் ஏற்றி வாங்குவது பெரும்பாலும் நடக்காது. நம்பரை மாற்றிவிட்டு விற்கும் வழி எங்கள் பார்வையில் கடைசி.

பெங்களூருக்கு ஓட்டிப்போய் அங்கேயே விற்றால் என்ஓசி வேண்டாம், புது வரி வேண்டாம், நம்பரும் மாறாது. ஒரே மாநிலத்துக்குள் பெயர்மாற்றம் மட்டும். அங்கே நண்பரோ உறவினரோ இருந்து, வண்டியும் 350 கிலோமீட்டர் ஓடும் நிலையில் இருந்தால் நல்ல விலை கிடைப்பது இந்த வழியில்தான். அம்மா அப்பா இருவரும் முதியவர்கள், கூட ஆளில்லை என்றால் இதை மறந்துவிடுங்கள்.

மீதியிருப்பது என்ஓசி எடுத்து இங்குள்ளவருக்கு விற்பது. வாங்குபவர் தன் ஆர்டிஓவில் வரி கட்டி, புது நம்பரும் பெயர்மாற்றமும் ஒரே மூச்சில் முடிப்பார். வட சென்னையில் நிற்கும் கேஏ வண்டிகளில் அதிகம் இப்படித்தான் போகின்றன. இந்தப் பக்கத்தில் இனி வருவதெல்லாம் பெரும்பாலும் இந்த வழியைப் பற்றியது.

இடையில் ஒரு சட்டம்: வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் புது நம்பர் வாங்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ம் பிரிவு. “நாலு வருஷமா நிக்குது, யாரும் கேக்கல” என்பது வண்டி வாசலில் நிற்கும்வரைதான் உண்மை.

என்ஓசி எடுக்க என்னென்ன வேண்டும்? வண்டியை பெங்களூருக்குக் கொண்டுபோக வேண்டுமா?

பொதுவாக வண்டி போக வேண்டியதில்லை, காகிதம் போனால் போதும். பதிவான ஆர்டிஓவுக்குத்தான் போக வேண்டும். கேஏ 03 என்றால் பெங்களூர் கிழக்கு, கேஏ 53 என்றால் கே.ஆர்.புரம். பெங்களூரில் உள்ள ஏதோ ஒரு ஆர்டிஓவில் கொடுத்துவிட்டு வர முடியாது.

பரிவாஹனில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அச்செடுத்த விண்ணப்பத்தோடு இவை போகும்: ஃபார்ம் 28 (என்ஓசி விண்ணப்பம்) மூன்று பிரதி, அசல் ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், செல்லுபடியாகும் புகைச் சான்று, உங்கள் ஆதார் அல்லது பாஸ்போர்ட் நகலில் உங்கள் கையெழுத்து, வண்டி திருட்டு கேஸில் இல்லை என்ற என்சிஆர்பி அறிக்கை, சேசிஸ் நம்பரின் பென்சில் பிரிண்ட். என்சிஆர்பி அறிக்கையை ‘வாஹன் சமன்வய்’ தளத்தில் நீங்களே எடுத்துக்கொள்ளலாம்.

பென்சில் பிரிண்ட்டில் வட சென்னை வண்டிகளுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. காசிமேடு, ராயபுரம், எண்ணூர் பக்கம் கடல் காற்றில் நின்ற வண்டியில் சேசிஸ் நம்பர் பொறித்த தகடு துருவேறி எழுத்து மங்கியிருக்கும். மெக்கானிக் உப்புத்தாளை எடுத்தால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். தேய்த்த தடம் இருந்தால் நம்பரைத் திருத்தியதுபோல் தெரியும். பிறகு இங்கே பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்கும்போது கேள்வி வரும். டீசல் நனைத்த துணியால் ஊறவைத்துத் துடைத்து, காய்ந்ததும் எழுத்தின் மேல் பென்சிலை மெல்லத் தேய்த்து, செலோடேப் ஒட்டி எடுத்து வெள்ளைத்தாளில் ஒட்டினால் தெளிவாக வரும். நான்கைந்து பிரிண்ட் சேர்த்தே எடுத்துவையுங்கள். என்ஓசிக்கு ஒன்று, இங்கே மறுபதிவுக்கு ஒன்று, கெட்டுப்போனால் மாற்றுக்கு மீதி.

விண்ணப்பிக்கும் முன் பழைய அபராதங்களைத் தீருங்கள். மத்திய அரசின் இ-சலான் தளத்தில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அதோடு விடாமல், கர்நாடகப் போலீஸின் அபராதப் பக்கத்திலும் வண்டி நம்பரைப் போட்டுப் பாருங்கள். சில்க் போர்டு சிக்னலில் கேமரா பிடித்த பழைய பாக்கி அங்கேதான் உட்கார்ந்திருக்கும்.

2019 ஏப்ரல் 1-க்கு முன் பதிவான வண்டி என்றால் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இல்லாத பழைய வண்டிக்கு ஆர்டிஓ வேலைகள் தடைப்படும்.

விண்ணப்பித்த 30 நாளில் பதில் வராவிட்டால் என்ஓசி கொடுத்ததாகவே கருதப்படும் என்று சட்டத்தின் 48-ம் பிரிவு சொல்கிறது. அதை நம்பி உட்காராதீர்கள். கம்ப்யூட்டரில் ஏறாத என்ஓசியை எந்தத் தமிழ்நாட்டு ஆர்டிஓவும் தொடமாட்டார்கள்.

என்ஓசியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். எந்த ஆர்டிஓவுக்கு என்று என்ஓசியில் எழுதியாக வேண்டும். தண்டையார்பேட்டை டிஎன் 03 என்று எடுத்துவைத்த பிறகு, வாங்குபவர் செங்குன்றத்தில் இருந்தால் அவருடையது டிஎன் 18. பழையதை ரத்து செய்யக் காகிதம் மறுபடி பெங்களூர் போகும். என்ஓசி கொடுத்தவுடன் பழைய ஆர்டிஓ பதிவில் வண்டி பூட்டப்பட்டுவிடுவதால், நடுவில் மனசு மாறிப் பெங்களூரிலேயே விற்கலாம் என்றாலும் ரத்து செய்துதான் ஆக வேண்டும்.

சரியான வரிசை: ஆள் முடிவாகட்டும். வங்கி வழியாக ஒரு முன்பணம் வரட்டும். அவருடைய முகவரிச் சான்றைப் பார்த்து அவர் ஆர்டிஓ எது என்று உறுதிசெய்யுங்கள். அந்த ஆர்டிஓ பெயருக்கு என்ஓசி எடுங்கள். வண்டி அதுவரை உங்கள் வீட்டு வாசலிலேயே நிற்கட்டும். என்ஓசிக்காகும் செலவை யார் ஏற்பது, என்ஓசி வந்த பிறகு வாங்குபவர் பின்வாங்கினால் முன்பணம் என்னாகும் என்ற இரண்டையும் ஒரு தாளில் எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்டு வாட்ஸ்அப்பில் பரிமாறிக்கொள்ளுங்கள்.

“என்ஓசி நானே எடுத்துக்கறேன் சார், வண்டிய மட்டும் குடுங்க” என்பவரிடம் கொடுக்காதீர்கள். அவர் எடுக்காவிட்டால் வண்டி அவரிடம், நம்பர் உங்கள் பெயரில்.

அம்மா பெயருக்கு பவர் கொடுத்தால் போதுமா?

கொடுங்கள். ஆனால் உங்களால் கையெழுத்துப் போட்டு கூரியரில் அனுப்ப முடிந்ததை நீங்களே போட்டு அனுப்புவது மேல். ஃபார்ம் 28, பெயர்மாற்றத்துக்கான ஃபார்ம் 29, 30 மூன்றையும் விவரங்கள் நிரப்பிய பிறகு அச்செடுத்து, ஆர்சி எடுத்தபோது போட்ட அதே கையெழுத்தைப் போடுங்கள். பாஸ்போர்ட்டில் ஒரு கையெழுத்து, ஆர்டிஓவில் வேறு கையெழுத்து என்றால் அங்கேயே திருப்பிவிடுவார்கள். பவர் எதற்கு என்றால், விண்ணப்பம் கொடுக்க, என்ஓசியைக் கையில் வாங்க, வண்டியை ஒப்படைக்க, இடையில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் போட.

பவர் ஆஃப் அட்டர்னி இந்த ஒரு வண்டிக்கு மட்டும் என்று இருக்க வேண்டும். வண்டி நம்பர், சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், எந்தெந்த ஃபார்ம்களில் கையெழுத்திடலாம், விற்ற பணம் உங்கள் கணக்கில் மட்டுமே வர வேண்டும், இந்த அதிகாரத்தை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, எந்தத் தேதியோடு முடிகிறது என்ற எல்லாம் அதில் வர வேண்டும்.

எங்கே கையெழுத்திடுவது என்பது நாட்டைப் பொறுத்தது. அபோஸ்டில் என்பது ஒரு நாட்டு ஆவணம் இன்னொரு நாட்டில் செல்லுபடியாக அரசு போடும் முத்திரை. அந்த உடன்படிக்கையில் உள்ள நாடு என்றால் உள்ளூர் நோட்டரி முன் கையெழுத்திட்டு அபோஸ்டில் முத்திரை வாங்கினால் போதும். அமெரிக்கா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஓமன், பஹ்ரைன் அதில் உள்ளவை. சிங்கப்பூர் 2021 செப்டம்பரிலிருந்து, சவுதி 2022 டிசம்பரிலிருந்து, கனடா 2024 ஜனவரியிலிருந்து. துபாய், கத்தார், குவைத்தில் இருப்பவர்கள் இந்தியத் தூதரகத்திலோ துணைத் தூதரகத்திலோ அதிகாரி முன் கையெழுத்திட்டு அட்டெஸ்ட் செய்ய வேண்டும். அபோஸ்டில் உள்ள நாட்டிலும் தூதரக முத்திரையைத் தேர்ந்தெடுக்கலாம். ஆர்டிஓ கவுன்ட்டரில் சிங்கமுகச் சின்னத்துக்குத் தனி மரியாதை இருக்கத்தான் செய்கிறது.

பலர் தவறவிடுவது இது: வெளிநாட்டில் எழுதிய பத்திரம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பவர் ஏஜென்டே போய்க் கட்டலாம். வந்த கூரியர் உறையைத் தூக்கிப்போட வேண்டாம், வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

வாங்குபவர் பெயருக்கே பவர் எழுதிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பெயர் மாற்றாமலே ஓட்டவும், அடுத்தவருக்குக் கைமாற்றவும் கேட்பதுதான் அது.

கடனை எப்போதோ அடைத்துவிட்டேன். ஆர்சியில் இன்னும் வங்கி பெயர் இருக்கிறது.

இஎம்ஐ முடிந்தால் வங்கி பெயர் தானாகப் போகும் என்று நினைப்பவர்கள் ஏராளம். போகாது. வங்கியின் என்ஓசி கடிதமும், வங்கி கையெழுத்திட்ட ஃபார்ம் 35 இரண்டு பிரதியும் வாங்கி, பதிவான ஆர்டிஓவில் எச்பியை, அதாவது ஆர்சியில் உள்ள வங்கிக் கடன் குறிப்பை, நீக்க வேண்டும். வங்கிக் கடிதம் பெரும்பாலும் 3 மாதம்தான் செல்லும். பழைய கடிதம் பீரோவில் இருந்தால் காலாவதியாகியிருக்கும், புதிதாகக் கேளுங்கள். இது முடியாமல் ஆர்டிஓ தரும் என்ஓசி நகராது.

கர்நாடகத்தில் கட்டிய ஆயுள் வரி திரும்பக் கிடைக்குமா?

மீதிக் காலத்துக்கான பங்கைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் மறுபதிவாகி புது ஆர்சி வந்த பிறகுதான் கேட்க முடியும். என்ஓசி நகல், தமிழ்நாட்டில் வரி கட்டிய ரசீது, புது ஆர்சி நகல், பழைய வரி ரசீது ஆகியவற்றோடு பழைய ஆர்டிஓவில் விண்ணப்பம். புது ஆர்சி வாங்குபவர் கையில் இருக்கும் என்பதால், அந்தப் பணம் யாருக்கு, நகல் தருவாரா என்பதை விலை பேசும்போதே முடித்துக்கொள்ளுங்கள். பத்து வருடம் தாண்டிய வண்டி என்றால் வருவது சொற்பம், அலைச்சலுக்குக் கட்டாது.

மூன்று வருடமாக ஸ்டார்ட் செய்யவில்லை. அப்படியே விற்கலாமா?

அப்படியே காட்டினால் வருபவர் இரும்பு விலை பேசுவார். சில ஆயிரம் செலவில் ஓடும் வண்டியாக்கிக் காட்டினால் பேச்சே வேறு.

முதலில் பேட்டரி. மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 11-க்குக் கீழே போய் மாதக்கணக்கில் கிடந்திருந்தால் சார்ஜ் ஏற்றிப் பயனில்லை, மாற்றுங்கள். பிறகு பானெட்டைத் திறந்து எலி. சாவியைத் திருப்பும் முன் ஒயர்களையும் ஏர் ஃபில்டர் பெட்டியையும் பாருங்கள், கூடு கட்டியிருக்கும். டாங்கில் உள்ள பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக 5 லிட்டர் போடுங்கள். இன்ஜின் ஆயில், கூலன்ட் மாற்றுங்கள். ஹேண்ட் பிரேக் போட்டே நிறுத்தியிருந்தால் பின் சக்கரம் டிரம்மோடு ஒட்டிப் பிடித்திருக்கும். ஆக்சிலேட்டரை மிதித்து இழுக்காதீர்கள், சக்கரத்தைக் கழற்றித் தட்டி விடுவிக்க வேண்டும். இனி நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிடுங்கள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்தது. பட்டன் தேயாமல் இருந்தாலும் இந்தத் தேதியைப் பார்த்து விலை குறைப்பார்கள். அதில் நியாயமும் உண்டு.

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொளத்தூர், மணலி என்று சொன்னதுமே வாங்குபவர் 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தைக் கேட்பார். சீட்டின் அடித் தண்டவாளத்தில் துரு, கார்ப்பெட்டுக்குக் கீழே வண்டல், சீட் பெல்ட்டை முழுக்க இழுத்தால் அடியில் கறை: இவற்றைத்தான் தேடுவார். தண்ணீர் ஏறாத வண்டி என்றால் அப்போது எடுத்த படமோ, அந்த வருடம் க்ளெய்ம் எதுவும் இல்லாத இன்சூரன்ஸ் தாளோ காட்டுங்கள். ஏறியிருந்தால் சொல்லிவிடுங்கள். எப்படியும் தெரியப்போவதை மறைத்தால், முன்பணம் வாங்கிய பிறகு சண்டை உங்கள் வயதான பெற்றோர் வாசலில் நடக்கும்.

பணத்தை எந்தக் கணக்கில் வாங்குவது?

உங்கள் என்ஆர்ஓ கணக்கில், அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் இந்தியாவில் வரும் பணத்துக்கு வைக்கும் வங்கிக் கணக்கில். வெளிநாடு போன பிறகும் பழைய சேமிப்புக் கணக்கையே வைத்திருந்தால் அதை என்ஆர்ஓவாக மாற்றியிருக்க வேண்டும். இதையே சாக்காக வைத்து மாற்றிவிடுங்கள்.

2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வருமான வரிச் சட்டப்படி வாங்கிய தொகை முழுவதுமே அபராதமாகப் போகலாம், அபராதம் பணத்தைப் பெற்றவருக்கு, அதாவது உங்களுக்கு. 2 லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஆர்டிஜிஎஸ். பணம் வந்ததை உங்கள் வங்கி ஆப்பில் நீங்களே பார்த்த பிறகுதான் அம்மா சாவியைக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை ஏற்காதீர்கள். பணம் பெறுவதற்காக க்யூஆர் ஸ்கேன் செய்யச் சொன்னாலோ, ராணுவத்தில் இருக்கிறேன், வண்டியைப் பார்க்காமலே முழு விலையும் தருகிறேன் என்றாலோ போனை வைத்துவிடுங்கள்.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த காரை விற்றதற்கு மூலதன ஆதாய வரி கிடையாது. தொழில் கணக்கில் தேய்மானம் காட்டிய வண்டி என்றால் கதை வேறு, ஆடிட்டரிடம் கேளுங்கள். தனிநபர் விற்பதற்கு ஜிஎஸ்டியும் இல்லை; அது பழைய வண்டி வியாபாரியின் லாபத்தின் மேல் விழுவது.

சாவி கொடுக்கும் நாளில் என்ன எழுதி வாங்க வேண்டும்?

டெலிவரி நோட். தேதி மட்டும் போதாது, மணியும் நிமிடமும் வேண்டும். அன்று மாலை எண்ணூர் ஹைரோட்டில் யாரையாவது இடித்துவிட்டால், அப்போது வண்டி யாரிடம் இருந்தது என்பதற்கு அந்தத் தாள்தான். ஓடிய கிலோமீட்டர், சேசிஸ், இன்ஜின் நம்பர், வாங்குபவர் பெயர், முகவரி, ஆதார் நகல், இரண்டு சாட்சி. இந்த நேரத்துக்குப் பிறகு வரும் அபராதம், விபத்து, வழக்கு எல்லாம் வாங்குபவர் பொறுப்பு, இத்தனை நாளுக்குள் பெயர் மாற்றுவார் என்ற வரிகள். வாங்குபவரும் வண்டியும் நம்பர் பிளேட்டும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு போட்டோ.

ஃபார்ம் 29 இரண்டு பிரதி, ஃபார்ம் 30 இரண்டிலும் வாங்குபவர் பெயரும் தேதியும் நிரப்பாமல் கையெழுத்தை விட்டுவிடாதீர்கள். வெற்று ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வண்டி, மாதவரத்திலிருந்து கும்மிடிப்பூண்டி, அங்கிருந்து நெல்லூர் என்று நான்கு கை மாறும். நான்கிலும் ஆர்சி உங்கள் பெயரில்.

அந்த டெலிவரி நோட் இருந்தால் எனக்குப் பொறுப்பு இல்லைதானே?

முழுதாக இல்லை என்று சொல்ல முடியாது. 2018 பிப்ரவரியில் நவீன்குமார் எதிர் விஜய்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பும் அவரே. டெலிவரி நோட் உங்களுக்குக் குற்ற வழக்கில் கைகொடுக்கும், கொடுத்த இழப்பீட்டை வாங்கியவரிடம் திரும்பக் கேட்கவும் உதவும். இழப்பீட்டு நோட்டீஸ் உங்கள் பெயருக்கு வருவதை அது தடுக்காது.

அதனால் பெயர் மாறியதை நீங்களே கண்ணால் பாருங்கள். எம்பரிவாஹன் ஆப்பில் பழைய நம்பரைப் போட்டால் நிலை தெரியும். வேறு மாநில வண்டி என்றால், விற்ற 45 நாளுக்குள் என்ஓசியோடு ஆர்டிஓவுக்குத் தெரிவிப்பது விற்றவர் கடமை. 30 நாளுக்குள் விண்ணப்பிப்பது வாங்கியவர் கடமை. இழுத்தடித்தால் ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்டில் ஒரு கடிதம், டெலிவரி நோட் நகலோடு இரண்டு ஆர்டிஓக்களுக்கும் மனு, போலீஸில் ஒரு புகார். வேறெந்த விண்ணப்பமும் நடக்காதபடி பதிவை முடக்கவும் மனுவில் கேட்கலாம்.

மொத்த விலையில் ஒரு பகுதியை, 20,000 ரூபாயோ என்னவோ, பெயர்மாற்றம் முடிந்ததும் தருவதாக வாங்குபவர்கள் கேட்பது வழக்கம். நீங்கள் அதைத் திருப்பிப் போடுங்கள்: முழு விலைக்கு மேல் ஒரு தொகையை அவர் டெபாசிட்டாகத் தரட்டும், புது ஆர்சி நகல் வந்ததும் திருப்பி அனுப்புங்கள். இதற்கு ஒத்துக்கொள்பவர் பெயர் மாற்றிவிடுவார்.

வியாபாரியிடமோ ஆன்லைன் கம்பெனியிடமோ கொடுத்துவிட்டால் தலைவலி இல்லையா?

விலை குறையும். ஆனால் ஆளில்லாத வீட்டுக்கு அது ஏற்ற வழிதான், ஒரு நிபந்தனையோடு. 2023 ஏப்ரலிலிருந்து, ஆர்டிஓ அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் ஒப்படைக்கும்போது ஃபார்ம் 29சி வழியாகப் பதிவில் தெரிவிக்க முடியும். அதன்பின் வண்டிக்குப் பொறுப்பு அவருடையது. அவருக்கு ஃபார்ம் 29பி என்ற அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாதவர், போர்டு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உங்களுக்கு இன்னொரு தனிநபர்தான்.

இன்சூரன்ஸை என்ன செய்ய வேண்டும்?

பாலிசியை வாங்குபவர் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். நோ க்ளெய்ம் போனஸ் வண்டியோடு போகாது, அது உங்களுடையது. விற்ற ஆதாரத்தைக் கொடுத்து கம்பெனியிடம் என்சிபி கடிதம் வாங்கிவையுங்கள். 3 வருடத்துக்குள் ஊரில் புது வண்டி எடுத்தால் 50 சதவீதம் வரை சொந்தச் சேதப் பிரீமியத்தில் குறையும்.

ஃபாஸ்டேக்?

சாவி கொடுக்கும் முன் கண்ணாடியிலிருந்து கிழித்துவிட்டு, வங்கி ஆப்பில் மூடுங்கள். இல்லாவிட்டால் அவர் சூரப்பட்டு, நல்லூர் டோல்களைத் தாண்டும்போதெல்லாம் உங்களுக்கு மெசேஜ் வரும்.

ஆர்சி அப்பா பெயரில். அப்பா தவறிவிட்டார்.

நேராக விற்க முடியாது. ஃபார்ம் 31-இல், அப்பா தவறிய 3 மாதத்துக்குள், வாரிசு ஒருவர் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் வேண்டும். அப்பா கொடுத்த பவர் ஏதும் இருந்தால் அவரோடு முடிந்துவிட்டது. முடிந்தவரை ஊரில் இருக்கும் அம்மா பெயருக்கு மாற்றுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை பெயருக்கு மாற்றினால் மேலே சொன்ன எல்லாம் முதலிலிருந்து தொடங்கும்.

ஓடாத வண்டி, புதுப்பேட்டையில் உடைக்கக் கொடுத்துவிடலாமா?

பதிவை ரத்து செய்யாமல் கொடுத்தால் இரும்பு போய்விடும், நம்பர் உயிரோடு இருக்கும். அந்த நம்பரும் சேசிஸ் தகடும் வேறு வண்டியில் ஏறினால் போலீஸ் தேடி வருவது உங்கள் வீட்டுக்கு. அரசுப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து டெபாசிட் சான்று வாங்கி, பதிவான ஆர்டிஓவில் 14 நாளுக்குள் ரத்துக்குத் தெரிவியுங்கள்.

அசல் ஆர்சியே தொலைந்துவிட்டது.

தமிழ்நாடு போலீஸ் தளத்தில் தொலைந்த ஆவண அறிக்கை எடுத்து, ஃபார்ம் 26-இல் பதிவான கர்நாடக ஆர்டிஓவிடம் நகல் ஆர்சி கேட்க வேண்டும். இங்குள்ள ஆர்டிஓ தர முடியாது. விண்ணப்பிக்கும் முன் பெங்களூரில் கடைசியாகக் குடியிருந்த வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். ஸ்மார்ட் கார்டு பழைய முகவரிக்கு ஸ்பீடு போஸ்டில் போய், அங்கேயே யாரோ வாங்கி வைத்திருப்பது உண்டு.